ஊர்க் கல்லும் உயிர்க் கல்லும்: கல்சியம் ரியாக்டரின் நீரைச் சீராக்குவது எப்படி?

சென்ற பருவகாலத்தில் ஒரு மாலை, அறுகம்பேயில் நான் வேலை செய்யும் விடுதிக்கு ஓர் இளைஞர் தன் தாயாருடன் வந்து தங்கினார். அவர் ஜேர்மனியில் பிறந்தவர். தாயார் கல்குடாப் பக்கம். 1990இல் யுத்தம் மீண்டும் வெடித்தபோது இடம்பெயர்ந்து, பின்னர் நாட்டைவிட்டே போனவர். ஊரைப் பார்த்துவிட்டு, அப்படியே பொத்துவில், பாணமைப் பக்கமும் பார்த்துப் போகலாம் என்று தெற்கே வந்திருந்தார்கள்.

நான் கட்டாரில் ஒன்பது வருடம் மீன்தொட்டிப் பராமரிப்பு வேலை செய்தவன் என்று விடுதியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பி அறைக்குள் போய் ஓர் உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கல்குடாக் கரையில் பொறுக்கிய வெள்ளை முருகைக்கற்கள். ஐந்து கிலோ அளவில் இருக்கும்.

"காக்கா, இதை என்ட ரியாக்டருக்குப் போடலாமா? அம்மாட ஊர்க் கல்லு" என்றார்.

போடக்கூடாது என்றேன். ஏன் என்று அன்றிரவு சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் முருகைத் தொட்டி வளர்க்கும் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வளைகுடாவில் அந்தத் தொட்டிகளைக் கழுவி வாழும் நம் ஊர் ஆட்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இது பயன்படும்.

ரியாக்டர் செய்யும் வேலை

உயிருள்ள முருகை, கடல்நீரில் கரைந்திருக்கும் கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. கடலில் அது எடுக்க எடுக்கக் குறையாது. நானூறு லீற்றர் தொட்டியில் சில நாட்களிலேயே குறைந்துவிடும். குறைந்ததைத் திரும்பக் கொடுக்கும் வழிகளில் ஒன்றுதான் கல்சியம் ரியாக்டர். 1990களின் முற்பாதியில் ஜேர்மனியின் மீன்காட்சிச் சாலைக்காரர்களிடமிருந்து பரவிய முறை இது.

அமைப்பு எளிது. மூடிய குழாய் ஒன்றில் கல்சியம் காபனேற்றுக் கல் நிரப்பப்படும். பெரும்பாலும் அது செத்த முருகையின் உடைசல்தான். தொட்டி நீர் மெதுவாக உள்ளே வரும். சிலிண்டரிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு குமிழ்குமிழாகச் சேரும். வாயு கரைந்த நீர் மென்மையான அமிலமாகும், அமிலம் கல்லைக் கரைக்கும். கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குத் திரும்பும். செத்த முருகையைக் கரைத்து உயிருள்ள முருகைக்கு ஊட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வெளிவரும் நீரின் தரத்தைத் தீர்மானிப்பவை நான்கு: உள்ளே இருக்கும் கல், சேர்க்கும் வாயு, ஓடும் நீரின் அளவு, வெளியே வந்தபின் மிஞ்சும் வாயுவை என்ன செய்கிறோம் என்பது. நீர் சரியில்லை என்றால் பிழை இந்த நான்கில் ஒன்றில் இருக்கும்.

முதலில் தொட்டியை அளவுங்கள்

இயற்கைக் கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 410 முதல் 420 மில்லிகிராம் கல்சியமும், 1,290 மில்லிகிராம் அளவில் மகனீசியமும் இருக்கும். காரத்தன்மை ஜேர்மன் அளவையில் 6.5 முதல் 7 பாகை வரை. தொட்டியில் பெரும்பாலானோர் கல்சியத்தை 400 முதல் 450க்குள்ளும், காரத்தன்மையை 8 முதல் 10 பாகைக்குள்ளும் வைத்திருப்பார்கள்.

கல் கரையும்போது கல்சியமும் காரத்தன்மையும் ஒரே விகிதத்தில்தான் வரும். காரத்தன்மை 2.8 பாகை கூடினால் கல்சியம் 20 மில்லிகிராம் கூடும். முருகையும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் கல்சியம் 340ஆக விழுந்து கிடக்கும்போது அதை ரியாக்டரால் 420க்கு ஏற்ற முயன்றால் காரத்தன்மை 11 பாகைக்கு மேல் ஏறிவிடும். ஆகவே ரியாக்டரைத் தொடங்குமுன் கல்சியம், காரத்தன்மை, மகனீசியம் மூன்றையும் தனித்தனி உப்புகளால் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். உள்ளதை உள்ளபடி காப்பதுதான் ரியாக்டரின் வேலை.

அன்றாடம் அளக்க வேண்டியது காரத்தன்மையை. இருப்பில் உள்ள கல்சியத்தோடு ஒப்பிட்டால் ஒரு நாள் செலவு மிகச் சிறிது, வீட்டுச் சோதனைப் பெட்டியில் அது பிடிபடாது. காரத்தன்மையின் மாற்றம் உடனே தெரியும்.

கல்

என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் கல்லில்தான் முடிந்தன. தொட்டியில் பாசி கூடுகிறது, முருகையின் நிறம் மங்குகிறது என்பார்கள். ரியாக்டரிலிருந்து சொட்டும் நீரைத் தனியாக எடுத்துப் பொசுபேற்று அளந்தால் காரணம் தெரிந்துவிடும்.

கல் கரையும்போது அதற்குள் அடைபட்டிருந்த எல்லாமே நீருக்கு வருகிறது. கரையில் பொறுக்கிய முருகைக்கல் வெள்ளையாக, சுத்தமாகத் தெரியும். அதன் துளைகளுக்குள் செத்த புழு, சிப்பி, பாசி, சேறு எல்லாம் காய்ந்து கிடக்கும். வெளியே கழுவலாம். கல்லோடு கல்லாக இறுகியிருக்கும் பொசுபேற்றைக் கழுவி எடுக்க முடியாது. ஆற்றுமுகத்துக்கோ ஊர்க் கழிவு வாய்க்காலுக்கோ கிட்டக் கிடந்த கல்லென்றால் இன்னும் மோசம்.

கடையில் வாங்கும் கல்லிலும் வித்தியாசம் உண்டு. பொசுபேற்று அளவை வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பாளரின் கல்லை வாங்குங்கள். பயறு மணிபோல் பொடியாக இருந்தால் சீக்கிரம் இறுகிக் கட்டியாகும், நீர் ஒரே வழியில் ஓடும். சுண்டுவிரல் நுனி அளவுக் கல் நல்லது. நிரப்புமுன் வடிகட்டிய நீரில் தூசி போகும்வரை அலசுங்கள். புதிய கல் போட்டபின் முதல் ஓரிரு நாள் வெளிவரும் நீரைத் தொட்டிக்கு விடாமல் வாளியில் பிடித்துக் கொட்டிவிடுங்கள். அதன்பின் பொசுபேற்றை அளந்து, குறைந்திருந்தால் மட்டும் தொட்டியோடு இணையுங்கள்.

முருகைக்கல்லில் மகனீசியம் குறைவு. ரியாக்டரை மட்டும் நம்பியிருக்கும் தொட்டியில் மாதங்கள் போகப்போக மகனீசியம் இறங்கும். அதற்கென விற்கும் மகனீசியக் கல்லைச் சிறிது கலக்கலாம், அல்லது தனியே சேர்க்கலாம்.

வாயு

குழாய்க்குள் பி.எச் 6.5க்கும் 6.8க்கும் இடையில் இருந்தால் கல் சீராகக் கரையும். அதற்கு மேலே போனால் கரைவது குறையும். 6.3க்குக் கீழே இறங்கினால் கல் மேல்மேலாகக் குழைந்து சேறாகும். சேறு கற்களுக்கிடையில் அடைத்து நீரோட்டத்தைத் தடுக்கும். அந்தக் கல்லை எறிவதைத் தவிர வழியில்லை.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்டாரில் ஒரு வீட்டுத் தொட்டியை நான்தான் பார்த்துவந்தேன். பி.எச் கருவி வால்வைத் தானாகத் திறந்து மூடும் அமைப்பு அது. கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் அதன் முனையை ஏழெட்டு மாதமாக நான் சரிபார்க்கவில்லை. முனை பழுதாகி, உண்மையில் 6க்குக் கீழே இருந்ததை 6.7 என்று காட்டிக்கொண்டிருந்தது. 6.7 என்று கண்ட கருவி வால்வை மூடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் கல் கஞ்சியாகக் கிடந்தது, தொட்டியின் பி.எச் இறங்கியிருந்தது, காரத்தன்மை எகிறியிருந்தது. கிளைமுருகைகளின் தோல் அடியிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் வளர்ந்தவை. வீட்டுக்காரர் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை முனையைக் கழற்றி, பி.எச் 7, 4 என்ற இரண்டு கரைசல்களிலும் வைத்துச் சரிபார்ப்பதை விட்டதில்லை. முனை ஒன்றின் ஆயுள் ஒன்றரை, இரண்டு வருடம்தான். கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், வெளிவரும் நீரின் காரத்தன்மையையும் வாரம் ஒருமுறை அளவுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் பயமில்லை.

மின்சாரம் நின்றால் வாயுவும் நிற்கும்படி, மின்சாரம் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும் வால்வையே பொருத்துங்கள். பம்பு நின்று வாயு மட்டும் போய்க்கொண்டிருந்தால் ஒரு இரவு போதும் எல்லாம் கெட. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்திக் கட்டி வையுங்கள். பூட்டிய சிறு அறையில் வைக்காதீர்கள், இந்த வாயு கசிந்தால் மணம் இராது, ஆளுக்கே ஆபத்து.

ஓட்டம்: ஒரு கணக்கு

எத்தனை குமிழி, எத்தனை சொட்டு என்று கேட்பார்கள். பிறர் தொட்டியின் எண் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் தொட்டி ஒரு நாளில் எவ்வளவு காரத்தன்மை செலவழிக்கிறது என்று பாருங்கள். எதுவும் சேர்க்காமல் இரண்டு நாள் ஒரே நேரத்தில் அளந்தால் தெரியும்.

அந்தத் தம்பியின் தொட்டி 400 லீற்றர். நாளொன்றுக்கு ஒரு பாகை செலவாகிறது என்றார். தொட்டியில் 8 பாகை இருக்க வேண்டும், ரியாக்டரிலிருந்து வரும் நீரில் 25 பாகை இருக்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு லீற்றரும் 17 பாகை கூடுதலாகக் கொண்டுவருகிறது. 400ஐ 17ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23.5. ஒரு நாளைக்கு 23.5 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 16 மில்லிலீற்றர் ஓட வேண்டும். அளவுக் குவளையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினால் போதும்.

ஓட்டம் அதிகம், வாயு குறைவு என்றால் கல் கரையாது. ஓட்டம் குறைவு, வாயு அதிகம் என்றால் செறிவான நீர் வரும், கூடவே கரையாமல் மிஞ்சிய வாயுவும் வரும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஒரு நாள் விட்டு, அளந்து, பிறகு மற்றதைத் தொடுங்கள். தொட்டியின் காரத்தன்மை ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் கூடக்கூடாது.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கிணறு இறைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உப்பு ஏறிய கிணற்றை இறைத்து இறைத்துச் சுத்தமாக்கப் பார்த்தோம். மணலுக்குக் கீழே நன்னீர் ஒரு மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தபோது அடியிலிருந்த உப்புநீர் மேலே வந்தது. மழை பெய்து, காலம் போய்த்தான் தண்ணீர் தெளிந்தது. தொட்டி நீரும் அப்படித்தான். அவசரப்பட்டுத் திருத்தப் போனால் இருந்ததும் கெடும்.

மிஞ்சும் வாயு

ரியாக்டர் வைத்த தொட்டிகளில் பி.எச் 7.8, 7.9 என்று தாழ்ந்து நிற்பது பொதுவான குறை. கல்லைக் கரைத்த பின்னும் நீரில் வாயு மிஞ்சியிருப்பதே காரணம். இதைக் குறைக்க வழிகள் உண்டு.

முதலாவது, இரண்டாம் குழாய். வெளிவரும் நீரை வாயு சேர்க்காத இன்னொரு கற்குழாய் வழியாக அனுப்பினால் மிஞ்சிய வாயு அங்கேயும் கல்லைக் கரைத்துச் செலவாகும். வாயு மிச்சம், பி.எச்சும் உயரும்.

இரண்டாவது, காற்று. நீரை ஸ்கிம்மருக்குப் பக்கத்தில் உயரத்திலிருந்து சொட்டவிடுங்கள். ஸ்கிம்மர் இழுக்கும் காற்று வீட்டுக்கு வெளியிலிருந்து வரட்டும். சன்னல் பூட்டிய குளிர்சாதன அறையில் மனிதர் விடும் மூச்சே தொட்டியின் பி.எச்சைக் குறைக்கும். ஜேர்மனிக் குளிர்காலத்துக்கும் கட்டார் வெயிலுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பாசி. கீழ்த்தொட்டியில் பாசி வளர்த்து இரவில் விளக்குப் போட்டால் அது வாயுவை எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, சுண்ணாம்புத் தெளிவு நீர். ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக இதை இரவில் சொட்டவிடுவார்கள். இது கல்சியம் ஐதரொட்சைட்டு, நம் வெற்றிலைச் சுண்ணாம்பின் அதே சரக்கு. என் உம்மும்மா சுண்ணாம்புச் சிமிழில் தண்ணீர் விட்டு, மறுநாள் மேலே தெளிந்ததை வயிற்று வலிக்குக் கொடுப்பார். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டிக்குப் போடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. சுத்தமான தூளில் லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் அளவே கரையும். தெளிந்த மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அதன் பி.எச் 12க்கு மேல், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். மொத்தமாக ஊற்றினால் தொட்டியே போய்விடும்.

நிரப்பு நீருக்குக் கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே பயன்படுத்தக்கூடாது. நெருக்கமான ஊர்களில் மலசலகூடக் குழிக்குக் கிட்டே உள்ள கிணற்றில் நைத்திரேற்று இருக்கும், குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ வடிகட்டி அவசியம்.

கடைசியாக ஒன்று. நூறு லீற்றர் தொட்டியில் நாலு முருகை வைத்திருப்பவருக்கு ரியாக்டரே தேவையில்லை. கல்சியம் குளோரைட்டுக் கரைசலையும் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலையும் வெவ்வேறு நேரத்தில் அளந்து விட்டால் போதும்.

ஐந்து கிலோ கல்

தம்பிக்கு இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். 400 லீற்றரில் நாளொன்றுக்கு ஒரு பாகை என்றால் ஒரு நாளில் கரையும் கல் ஏறக்குறைய 7 கிராம். வருடத்துக்கு 2.6 கிலோ.

அதுவரை பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தாயார் நிமிர்ந்தார். "அப்ப ரெண்டு வருசத்தில இது ஒண்டும் இராதா?" என்று கேட்டார். இராது அக்கா என்றேன். அந்தக் கல்லை மகன் வீட்டில் வைத்திருக்கப் போகிறான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கரைக்கப் போகிறான் என்பது அவருக்குத் தெரியாது.

சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வது மட்டுமன்றி, சேகரிப்பது, வைத்திருப்பது, எரிப்பது, ஏற்றிச் செல்வது எல்லாமே தடை. கல்முருகைகள் அனைத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன, விமான நிலையத்தில் பிடிபட்டால் அங்கேயும் கேள்வி வரும்.

அந்தத் தடை சும்மா வரவில்லை. தென்மேற்கில் அம்பலாங்கொடை, அக்குரலப் பக்கமும், கிழக்கில் பாசிக்குடா, கல்குடாப் பக்கமும் முருகைக்கல்லை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நம் வீடுகளின் சுவர்களிலும் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது. 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது அதன் விலை தெரிந்தது. ஹரீந்திர பெர்னாண்டோவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, முருகைப் பாறை வெட்டப்பட்டிருந்த பெரேலியாவில் அலை சுமார் 10 மீற்றர் உயரத்தில் வந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு ரயில் ஒன்று அழிந்த இடம் அது. சில கிலோமீற்றர் தள்ளி, பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர்தான். கரையின் வடிவமும் ஆழமும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன. அச்சேயில் ஆராய்ந்தவர்கள் அங்கே பாறை பெரிதாகக் காக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே காலையில் பறிகொடுத்த அம்பாறை மாவட்டத்துக்காரன் நான். கடலுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் ஒரு கல்லையும் எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. ரியாக்டர் குழாய்க்குள் நடப்பது இப்போது கடலிலும் மெதுவாக நடக்கிறது. நாம் எரிக்கும் எண்ணெயின் காபனீரொட்சைட்டில் ஒரு பங்கைக் கடல் குடிக்கிறது. கைத்தொழில் யுகத்துக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச் இப்போது 8.1க்கு அண்மையில் நிற்கிறது. எண் சிறிதாகத் தெரியலாம், ஆனால் முருகை கல் கட்டுவது அதனால் கடினமாகிறது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி நம் முருகைகள் வெளுத்தன. வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளரும் கல்முருகை மீண்டும் எழ எத்தனை காலம் வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். கரையில் கிடக்கும் உடைசலும் வீணில்லை. அது மணலாகும், கரையைக் கட்டும்.

மறுநாள் அவர்கள் மட்டக்களப்பு வழியாகத் திரும்பினார்கள். உரப்பையைத் தாயார் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டார். போகிற வழியில் கல்குடாவில் இறக்கி, எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுவதாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கடைக் கல் போட்டு, முதல் இரண்டு நாள் நீரைக் கொட்டிவிட்டாராம். இப்போது வெளிவரும் நீர் 24 பாகை, நிமிடத்துக்கு 17 மில்லிலீற்றர், தொட்டி 8 பாகையில் நிற்கிறது. இரண்டாம் குழாய் இன்னும் பூட்டவில்லை, பி.எச் கொஞ்சம் குறைவுதான் என்றார். முனையைச் சரிபார்த்தீர்களா தம்பி என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.